சீனி மணலான நிமிடம்

ஊரிலிருந்து வந்த சிறுகுறிஞ்சான் இலைகள் இரண்டை நன்றாக மென்று துப்பிவிட்டு, ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வைத்தேன். இனிப்பே இல்லை. மணல் நறநறத்தது. இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பறியும் ஏற்பிகளைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான். நீரிழிவுக்காரனான நானோ, நாக்கிலேயே சீனியைக் கொன்ற இலை ரத்தத்தில் விடுமா என்று கணக்குப் போட்டேன்.

சிங்கப்பூர் தேக்காப் பக்கம் ஒரு கடையில் அந்த இலையின் பொடி வாங்கினேன். காலையில் ஒரு கரண்டி. நீரிழிவு மாத்திரைப் பட்டை அலமாரிக்குள். பொடி இருக்கிற தைரியத்தில், சீனியில்லாத தே ஓ கோசோங் குடித்துக்கொண்டிருந்தவன் பழையபடி இனிப்பான தே தாரேக்குக்கும் பராட்டாவுக்கும் திரும்பினேன். பொடியைவிட இந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது. நான்கு மாதம் கழித்துப் பாலிகிளினிக்கில் பார்த்தால், 7.2 ஆக இருந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.8.

டாக்டர் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான். திட்டவில்லை. "அங்கிள், உங்க மாத்திரைக்கும் பூர்வீகம் ஒரு செடிதான்" என்றாள். உண்மைதான். ஐரோப்பாவில் காலெகா என்றொரு செடி. நீரிழிவுக்குப் பழைய வைத்தியம். ஆடுமாடு அதிகம் மேய்ந்தால் செத்தும் போகும். அதிலிருந்த குவானிடின் வகைப் பொருளின் வழியே போய்த்தான் 1922இல் என் மாத்திரையான மெட்ஃபார்மினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பலனை 1957இல் வெளியிட்டவர் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர். நச்சைக் கழித்து அளவைக் கண்டுபிடிக்க அத்தனை வருடம். என் பொடிக் கரண்டிக்கு என்ன அளவு?

பொட்டலத்துக்குள் இலை மட்டும்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 2008இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி சிங்கப்பூர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது.

பாகற்காயும் வெந்தயமும் இன்றும் என் தட்டில் உண்டு, சோறு குறைந்த தட்டில். மாத்திரையும் உண்டு. உங்கள் அலமாரியில் அப்படியொரு பொட்டலம் இருந்தால் ஒளிக்காதீர்கள். மருந்தோடு அதுவும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்த்து நடுங்கலாம். அடுத்த முறை கிளினிக் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வையுங்கள்.