‘பெய்தால்’ என்னும் சொல் வாழும் பூமி

மதுரையிலிருந்து தெற்கே அருப்புக்கோட்டையை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திருச்சுழி நோக்கித் திரும்புவோமாயின், கரிசல் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கக் காண்போம். பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் விளையும் மானாவாரி மண் இது. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலும், 1879-இல் ரமண மகரிஷி பிறந்த இல்லமும் திருச்சுழிக்குப் பெருமை சேர்க்கின்றன. அருகில் ஓடவேண்டிய குண்டாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது.

இம்மக்களின் பேச்சைச் செவிமடுப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். “மழை பெய்தால் விதைப்போம், கண்மாய் பெருகினால் கல்யாணம் வைப்போம், விளைந்தால் கடனை அடைப்போம்.” வாழ்வு முழுவதும் ‘ஆல்’ என்னும் சிறு விகுதியில் தொங்குகிறது! ‘பெய்யின்’ என்று பண்டைத் தமிழ் கூறிய இதனை, ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பர் நன்னூலார்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் பிறந்த ஸ்பெயின் நாட்டு மொழியிலும் இதற்கு இணையுண்டு. ‘பொதேர்’ என்றால் இயலுதல். அது ‘பொத்ரீயா’ எனத் திரிந்தால், நிபந்தனை நிறைவேறின் இயலும் என்று பொருள்படும். பணிவுடன் உதவி கேட்பதற்கும் அதே வடிவம். “கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் நல்லது” என்று நம்மவரும் கேட்பதில்லையா? ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்பானியத்தில் விளைவைக் கூறும் வினையும் ஐயத்தால் உருமாறும். தமிழ் உழவனோ, ஐயத்தை மழையின்மேல் வைத்து, ‘விதைப்போம்’ என்று தன் கடமையை உறுதியாகவே உரைக்கிறான்.

இச்சொல்லுக்குத் துயர வடிவமும் ஒன்றுண்டு. “கண்மாயைத் தூர்வாரியிருந்தால் நீர் நின்றிருக்கும், நீர் நின்றிருந்தால் பிள்ளைகள் வெளியூருக்குப் பிழைக்கப் போயிருக்கமாட்டார்கள்.” வரத்துக் கால்வாய்கள் மேடிட்டு, சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய்களின் கரையில் நின்று இவ்வாறு புலம்புவோர் பலர்.

பெத்தானியாவில் மார்த்தாவும் இவ்வாறே புலம்பினாள். ஆண்டவர் உடனிருந்திருந்தால் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்பது அவளது ஆற்றாமை. இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை; கடந்துபோன நிபந்தனையிலிருந்து அவளை மீட்டு, நம்பினால் இறைமாட்சியைக் காணலாம் என்னும் புதிய நிபந்தனையின்முன் நிறுத்தினார். ஆயினும் கல்லறைக் கல்லை மனிதரே அகற்றவேண்டியிருந்தது!

அன்பர்களே, மழையைத் தருபவர் இறைவன். அதைத் தேக்கும் கரையைக் காப்பது நம் பொறுப்பு. ஐப்பசி மழைக்கு முன்னரே, சாதி சமய வேறுபாடின்றி ஊரார் அனைவரும் மண்வெட்டி ஏந்திக் கண்மாய்க்குச் செல்வோம். ‘வாரியிருந்தால்’ என்ற புலம்பல் ‘வாரினால்’ என்ற நம்பிக்கையாக மாறட்டும்.