கயிறு தொட்டவன் பங்கு

மன்னார்த் தீவில் காற்று மாறினால் கரையும் மாறும். சோளகம் எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும். வலையைச் சுருட்டிக்கொண்டு சனம் வடகடலுக்குப் போகும். வாடை தொடங்கத் திரும்பவும் தென்கரை. தீவு ஒடுங்கியது. எங்களுக்கு வலிக்காத இடப்பெயர்வு அது ஒன்றுதான்.

பேசாலைக்குத் தெற்கே ஐயா வேலைசெய்த சம்மாட்டியின் வாடி இருந்தது. மார்கழி விடியலில் கரைவலை இழுப்பார்கள். அம்பா பாடி, குதிக்காலை மணலில் ஊன்றி, பெரியவர்கள் இழுக்க, கயிற்றின் வாலில் நாங்களும் தொங்குவோம். எங்களால் வலை ஓர் அங்குலமும் நகர்ந்திராது. ஆனாலும் கயிறு தொட்டவனுக்குப் பங்கு உண்டு. ஒரு கை சூடை, சில நாள் நெத்தலி. அதைச் சட்டையில் ஏந்தி வீட்டுக்கு ஓடிய பெருமை பிறகு எந்தச் சம்பளத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தென்கரையில் இப்போது 30 காற்றாடிகள். தம்பபவனி என்று பெயர், 103.5 மெகாவாட்; 2020 டிசம்பரில் திறந்தார்கள். நான் பிழைக்க வந்த டென்மார்க்கில் பெயர்பெற்ற கொம்பனி ஒன்று செய்தவைதான். இங்கே அவற்றோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோப்பன்ஹேகன் கடலில் மிடல்குருண்டன் என்று 20 காற்றாடிகள் நிற்கின்றன. அதில் பாதி, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரணச் சனம் பங்கு வாங்கிச் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சூடை மீன்தான் நினைவுக்கு வந்தது.

நுரைச்சோலை மின்நிலையத்தின் கரிப்புகையைவிடக் காற்று மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சோளகத்தில் காற்றாடி சுழன்று வரும் மின்சாரம் நாட்டுக்குப் போக, அதற்குப் போட்ட தெருக்கள் மழைவெள்ளம் கடலுக்கு வடியும் வழியை மறிக்கின்றன, கரையில் மீன்பாடு குறைந்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. வலசை வரும் பறவைகளின் வழியும் அந்தக் கரைதான். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தன் காற்றாடித் திட்டத்தைக் கைவிட்டபோது ஊர் மூச்சு விட்டது. ஆகஸ்டில் வேறு காற்றாடிகளின் பாகங்கள் வந்தன. சனம் வீதியில் இருந்தது. ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பர் இரவொன்றில் பொலிஸ் தடியோடு வந்தது. அந்த இரவின் காணொளியில் நான் தேடியது தெரிந்த முகங்களை. எல்லாரும் கிழடாகியிருந்தார்கள்.

இந்த மார்கழிக்கு வாறன், வலை இழுக்க ஆள் வேணுமோ என்று மச்சானிடம் தொலைபேசியில் கேட்டேன். சிரித்தான்.

"இப்ப ஆரடா கையால இழுக்கிறான்? ட்ரக்டர் வின்ச் இழுக்குது. வாறதெண்டா போராட்டத்துக்கு வா, அங்கதான் ஆள் காணாது."