பொருத்தம் பத்து, பாராதது ஒன்று!

ஆறாண்டுகளுக்கு முன் நம் வகுப்பிலே ஒரு மாணவி. மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கும், பாதியில் நின்றுவிடுவாள். "சோம்பேறி" என்று கடிந்தோம். மூட்டுவலி என்று விடுப்புக் கேட்டாள். சாக்கு என்று எண்ணினோம். பட்டம் பெற்ற நம் அறிவு அன்று அவ்வளவுதான்!

சென்ற ஆண்டு அவளுக்குத் திருமணம். நாள் பார்த்தனர், கோள் பார்த்தனர், பத்துப் பொருத்தமும் பார்த்தனர். அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார் எவருமிலர்! கருவுற்ற ஆறாம் திங்களில் படுத்தால் மூச்சு முட்டிற்று. இரவெல்லாம் உட்கார்ந்தே கழித்தாள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு இது இயல்பு" என்றார் மாமியார். "கண்ணேறு" என்று கயிறு கட்டினார் பூசாரி. இருமலில் இரத்தம் கண்ட பிறகே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர்.

இதயத்தின் இடப்புற வால்வு சுருங்கியிருந்தது. முற்பிறப்பின் வினையா? இல்லை, இளமையில் வந்த தொண்டைப்புண்! ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையைத் தாக்க, அதை எதிர்த்தெழும் உடலின் ஆற்றலே சிலருக்கு மூட்டையும் இதயத்தையும் புண்படுத்திவிடுகிறது. கருவுற்றவள் உடலில் இரத்தம் 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகும். குறுகிய வாயில் அந்த வெள்ளத்தை எப்படித் தாங்கும்? பின்னே தேங்கி, நுரையீரலில் நீர் கோத்துக் கொள்கிறது.

அவள் பிழைத்தாள். தொடையின் இரத்தக் குழாய் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரித்தனர். 1984-இல் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே உலகுக்கு அறிவித்த முறை அது. காத்தது கயிறன்று, கல்வி!

எல்லோரும் பிழைப்பதில்லை. 2016 முதல் 2019 வரை இதயநோயுற்ற பெண்களின் 1029 கருப்பேறுகளைச் சென்னை மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்தனர். அவற்றுள் 623-இல், நோய் இருப்பதே கருவுற்ற பின்னர்தான் தெரிந்தது. 20 தாய்மார் மாண்டனர்.

தோழர்களே! தொண்டைப்புண்ணுக்குக் காலத்தில் பெனிசிலின் தந்தால் இந்நோயைத் தடுக்கலாம். வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கொருமுறை அந்த ஊசியைத் தொடர்ந்து போட்டால் மேலும் கெடாமல் காக்கலாம். மணத்துக்கு முன் இதயத்தைச் சோதிப்போம். பெண்ணை ஒதுக்குவதற்கன்று, காப்பதற்கு! நோய் கடுமையெனில் பிள்ளைப்பேறே வேண்டாமென்று சொல்ல அவளுக்கு உரிமையுண்டு. பெண் பிள்ளை பெறும் கருவியல்லள். உயிருள்ள மனிதப் பிறவி.

இன்று நம் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கேனும் மூச்சிரைத்தால் நாம் ஏசுவதில்லை. பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் அனுப்புகிறோம். அன்று அந்தப் பெண்ணுக்குச் செய்யத் தவறிய கடமை அது.