குமணன்தொழு குமாரும் குல்மார்க் பனியும்

தங்கச்சி மகன் போன் பண்ணான்.
"மாமா, குல்மார்க் போறோம். பனிச்சறுக்குல கொடி நட்ட பாதைய விட்டு வெளிய போனாத்தான் கிக்காம்!"

சுருளிப்பட்டி தோட்டத்துல நின்ன எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு.

2016 பிப்ரவரி 3.
சியாச்சின், 19,000 அடிக்கு மேல.
மெட்ராஸ் ரெஜிமென்ட்காரங்க 10 பேரப் பனி மூடுச்சு.
அதுல ஒருத்தர் நம்ம தேனி மாவட்டம், குமணன்தொழு குமார்.
அந்தப் பத்துப் பேர்ல ஹனுமந்தப்பாங்கிறவர மட்டும் சில நாள் கழிச்சு உயிரோட எடுத்தாங்க. 11ஆம் தேதி அவரும் போயிட்டார்.

அவங்க காவலுக்கு நின்னவங்க, நகர முடியாது.
இவன் நகரலாம்ல?

2024 பிப்ரவரியில அதே குல்மார்க்ல பனிச்சரிவுல ஒரு ரஷ்யர் செத்தார்.

அவன்கிட்ட சொன்னேன்:
புதுப்பனி கொட்டுன மறுநாளே சரிவுல இறங்காதடா. 30லருந்து 45 டிகிரி சரிவுதான் அதிகம் உடையும். பழைய பனிக்கு மேல புதுசு ஒட்டாம கெடக்கும், ஒரு ஆள் பாரமே போதும்.
புதைஞ்சா கால் மணி நேரந்தான் கெடு. அதுக்குள்ள தோண்டி எடுக்கணும்னா சிக்னல் கருவி, குத்திப் பாக்குற நீளக் கம்பி, ஷவல் மூணும் கூட வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் இருக்கணும்.

"சரி மாமா"ன்னான். குரல்ல சுரத்தே இல்ல.

குல்மார்க் போய் வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? அன்னன்னைக்கு பனி நெலவரத்த அங்க யார்கிட்ட கேக்கணும்?