ஜமீலா என்றொரு ராட்சதன்

ராட்சதப் பூதம் என்றதும் உங்களுக்குக் காட்ஸில்லாதான் நினைவுக்கு வரும். எங்கள் பெரியப்பா வயதுக்காரர்களுக்கோ 'ஜெயண்ட் ரோபோ'. 1980-களில் தூர்தர்ஷனில் ஓடிய ஜப்பான் தொடர். பஞ்சாயத்து டி.வி. முன்னால் உட்கார்ந்து, இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாமலேயே பார்த்தார்களாம். அதைத் தேடப் போய்த்தான் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி எனக்கு 'அல்ட்ராமேன்' கிடைத்தது.

1966 ஜூலையில் தொடங்கி 1967 ஏப்ரலில் முடிந்த தொடர்; மொத்தம் 39 கதைகள். உருவாக்கியவர் எய்ஜி சுபுராயா. 1954-ல் வந்த காட்ஸில்லா படத்துக்குத் தந்திரக் காட்சி அமைத்தவர் இவர்தான். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஏது அப்போது? ரப்பர் உடைக்குள் ஆள் புகுந்து, பொம்மை ஊரை மிதித்து நொறுக்குவார். 10-வது கதையில் காட்ஸில்லாவின் பழைய உடைக்கே கழுத்தில் விசிறி மாதிரி ஒன்றை மாட்டி வேறு பூதமாக்கிவிட்டார்கள்! ஸ்கிராப்பை வீணாக்காத புத்தி.

வாரம் ஒரு பூதம் வரும், அல்ட்ராமேன் அடிப்பார், நாம் கை தட்டுவோம். 1966 டிசம்பர் 18-ல் வந்த 23-வது கதையில்தான் என்னால் கை தட்ட முடியவில்லை. இயக்கியவர் அகியோ ஜிசோஜி. பூதத்தின் பெயர் ஜமீலா. (நம் ஊரில் அது பெண் பெயர். அங்கே ஆண்.) உயரம் 50 மீட்டர், அல்ட்ராமேனை விட 10 மீட்டர் அதிகம்.

ஜமீலா பிறவிப் பூதம் இல்லை. மனிதன். விண்வெளிக்குப் போட்டி போட்டு ஆள் அனுப்பிய காலத்தில் ஒரு நாடு அனுப்பிய வீரன். வழி தவறி, தண்ணீரே இல்லாத கிரகத்தில் போய் விழுந்தான். வெளியே தெரிந்தால் கெட்ட பெயர் என்று அவன் நாடு விஷயத்தை அமுக்கிவிட்டது. காத்திருந்து காத்திருந்து, அவன் உடம்பே அந்த மண்ணுக்கு ஏற்ப மாறிவிட்டது. தன் விண்கலத்தைத் தானே சரி செய்துகொண்டு பழி வாங்கப் பூமிக்குத் திரும்பினான். பாரிஸ் தலைமையகத்திலிருந்து வந்த உத்தரவு என்ன தெரியுமா? ‘யாரென்று சொல்லாதே, பூதமென்றே கொன்றுவிடு.’

தீக்கு அஞ்சாதவன், தண்ணீர் பட்டதும் சுருண்டான். அல்ட்ராமேன் கையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்ச, சேற்றில் புரண்டு, குழந்தை மாதிரி கத்திக்கொண்டே செத்தான்.

எங்கள் திருக்கடையூரிலும் ஒரு சம்ஹாரம் உண்டு. பதினாறு வயது மார்க்கண்டேயனுக்காக எமனை ஈசன் காலால் உதைத்த தலம். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்துக்கு மாலை கட்டித்தான் அம்மா எனக்கு ஃபீஸ் கட்டுகிறார். ஆனால் கதை உதையோடு முடியவில்லை. சாவே இல்லாமல் போக, பாரம் தாங்காத பூமாதேவி முறையிட, எமனை ஈசன் மறுபடி எழுப்பிவிட்டார். ஜமீலாவுக்காக முறையிட ஒரு பூமாதேவி இல்லை.

லீவில் இந்தக் கதையை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா சவுதியில் நாலு வருஷம் ஆடு மேய்த்தவர். டிரைவர் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல அப்போது எங்கள் வீட்டில் ஆள் கிடையாது, கையெழுத்துப் போட்டுவிட்டார். பாலைவனத்தில் தண்ணி லாரி வாரத்துக்கு ஒரு தடவை வரும். ஆட்டுக்குப் போகத்தான் ஆளுக்கு. திரும்பி வந்த அன்று, வீட்டுக்குள் நுழையாமல் நேரே வாய்க்காலில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். கறுத்து, தாடியோடு இருந்த அவரைப் பார்த்துத் தங்கச்சி பயந்து அப்பாயி பின்னால் ஒளிந்துகொண்டது.

அப்பா பேசாமல் பார்த்தார். கடைசியில் ஜமீலாவுக்குக் கல்லறை எழுப்புகிறார்கள்.

"கல்லுல என்னப்பா எழுதியிருக்கு?"

"மனுஷங்களோட கனவுக்காகவும் விஞ்ஞானத்துக்காகவும் உயிரை விட்ட வீரன்னு அர்த்தம்பா."

அப்பா சிரித்துவிட்டார். எல்லாரும் போன பிறகும் இடே என்ற வீரன் மட்டும் கல்லை விட்டு நகராமல் நிற்பான். "இந்தத் தம்பிக்கு மட்டும் புரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, மடையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். மேட்டூரில் திறந்த தண்ணீர் அன்றுதான் எங்கள் கடைமடைக்கு வந்திருந்தது.

ஒன்று சொல்ல மறந்தேன். ஜமீலாவுக்குக் கழுத்து கிடையாது. தோளோடு தலை ஒட்டியிருக்கும். சட்டையின் கழுத்து வாயை நெற்றி வரை ஏற்றி விட்டுக்கொண்டு ஜப்பான் பிள்ளைகள் ஜமீலா விளையாட்டு விளையாடுவார்களாம். எங்கள் அறையில் காக்கிச் சட்டையில் செய்து பார்த்தோம், அச்சாக வந்தது. கதையைப் பார்க்க விரும்புகிறவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வரலாம். சட்டையில் மேல் பட்டன் இருக்கட்டும்.