பிள்ளைகளுக்கு முன்னால் சண்டை வேண்டாம்

கடையில் வாங்கிய சேட்டில் பொத்தான் இல்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். உணவகத்துச் சோறு ஊசிப்போயிருந்தால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து வரலாம். ஆனால் குடும்பத்தோடு ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும்போது நாம் விலைகொடுத்து வாங்குவது அத்தகைய பண்டமன்று. ஒரு நாளை வாங்குகிறோம். அதுவும் பிள்ளைகளுடைய நாளை. அதற்காக மாதக்கணக்கில் காசு சேர்க்கப்படுகிறது, பெரியவர்கள் வேலைக்கு விடுப்பு எடுக்கிறார்கள், சிறியவர்கள் முதல்நாள் இரவு நித்திரை கொள்வதில்லை. அந்த நாள் கெட்டுப்போனால் அதைத் திருப்பிப் பெற்றுக்கொள்ள எந்த நாட்டிலும் ஒரு கவுன்ரர் இல்லை.

பூங்காக்களை நடத்துவோர் இதனை நம்மிலும் பார்க்க நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து என் தங்கை குடும்பத்தினர் வந்திருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து மூத்த அக்காவும் வந்து சேர்ந்துகொண்டார். எல்லோருமாக 11 பேர், வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, இந்நாட்டிலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். அதன் பெயரையும் ஊரையும் இங்கு குறிப்பிடப்போவதில்லை. ஒரு நிறுவனத்தைத் தண்டிப்பது என் நோக்கமன்று. தவிரவும், நான் சொல்லப்போகும் குறைகளை வாசகர்கள் தத்தம் நாடுகளிலும் வேறு வேறு பெயர்களில் கண்டிருப்பீர்கள்.

வாசலிலேயே முதலாவது சோதனை. வெளியிலிருந்து உணவு கொண்டுவர அனுமதியில்லை என்றார்கள். அக்காவும் என் மனைவியும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவித்த இடியப்பமும் சம்பலும் முட்டையும் காவலாளியின் மேசைக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. தண்ணீர்ப் போத்தல்களும் அவற்றோடு போயின. உள்ளே கன்ரீனில் அதே அரை லீற்றர்த் தண்ணீருக்கு, போத்தலில் அச்சிடப்பட்டிருந்த விலையைப்போல் இருமடங்கு கேட்டார்கள். ஏனென்று வினவியதற்கு, "இங்கே விலை இப்படித்தான்" என்பதே பதில்.

இரண்டாவது சோதனை விளையாட்டுகள். சீட்டு விற்கும் யன்னலுக்கு மேலே 13 விளையாட்டுகளின் படங்கள் வண்ண வண்ணமாகத் தொங்கின. உள்ளே சென்று பார்த்தபோது அவற்றில் 5 இயங்கவில்லை. ஒன்றின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. இன்னொன்றைப் படங்கினால் மூடியிருந்தார்கள். இயந்திரங்களுக்குத் திருத்த வேலை நடப்பது குற்றமன்று. பழுதான ஒன்றை ஓட்டாமல் நிறுத்தி வைப்பவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் படம் வாசலிலும் கயிறு உள்ளேயுமாக இருப்பதுதான் பிரச்சினை. எங்களுக்குச் சீட்டு விற்ற இளம்பெண்ணுக்கு எவை ஓடுகின்றன, எவை ஓடவில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை.

மூன்றாவது சம்பவமே மனதை அதிகம் வருத்தியது. தங்கையின் எட்டு வயது மகள் ஒரு விளையாட்டுக்காக வெயிலில் 50 நிமிடங்கள் வரிசையில் நின்றாள். அவளுடைய முறை வந்தபோது, அங்கு நின்ற இளைஞர் அவளை ஓர் அளவுகோலின் அருகில் நிறுத்திப் பார்த்துவிட்டு, உயரம் 120 சென்ரிமீற்றருக்குக் குறைவு, ஏற்ற முடியாது என்றார். அவர் செய்தது சரி. அந்த விதி பிள்ளையின் உயிரைக் காப்பதற்காக உள்ளது. அவர் அதைத் தளர்த்தியிருந்தால்தான் நான் முறையிட்டிருப்பேன். ஆனால் அந்த அளவுகோலை வரிசையின் முடிவில் நாட்டாமல் தொடக்கத்தில் நாட்டியிருந்தால் என்ன? கம்பு ஒன்றைப் பிடுங்கி முப்பது அடி தள்ளி நடுவதற்கு எவ்வளவு செலவாகும்?

பிள்ளை அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவையள் ஏன் முதலே சொல்லேல்லை, மாமா?" என்று மட்டும் கேட்டாள். முப்பது வருடங்களாக அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் நான் கேட்டுவரும் கேள்வியும் ஏறத்தாழ இதுதான். எனக்கே இன்னும் பதில் கிடைக்காதபோது அவளுக்கு நான் எதைச் சொல்வது?

நான்காவது விடயம் எங்கள் மொழி சம்பந்தப்பட்டது. வேகமாகச் சுழலும் விளையாட்டொன்றின் முன்னால் எச்சரிக்கைப் பலகை இருந்தது. இதய நோயாளர்கள், கர்ப்பிணித் தாய்மார் முதலியோர் ஏறவேண்டாம் என்பது அதன் சாரம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருந்தது; தமிழில் இல்லை. எங்கள் அக்கா இதய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர். பேரப்பிள்ளைகள் இழுத்த இழுப்பில் அவர் அந்த வரிசையில் நின்றார். என் மனைவி பலகையைக் கண்டு அவரை அழைத்து வந்திராவிட்டால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவும் விருப்பமில்லை. 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அது அரச அலுவலகங்களுக்கு உரிய ஏற்பாடு, தனியாரைக் கட்டுப்படுத்தாது என்று யாரேனும் வாதிடக்கூடும். உயிர் ஆபத்தைச் சொல்லும் நான்கு வரிகளுக்குச் சட்டம் தேவையா, மனிதாபிமானம் போதாதா என்பதே என் கேள்வி.

மாலையில் என் மைத்துனர் முகாமையாளரைத் தேடிச் சென்றார். நானும் உடன் சென்றேன். முகாமையாளர் மரியாதையாகவே பேசினார். பேசிவிட்டு, சீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டும் வாசிக்கச் சிரமமான எழுத்தில், எந்த விளையாட்டும் முன்னறிவித்தலின்றி நிறுத்தப்படலாம் என்றும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்றும் அச்சிட்டிருந்தது. மைத்துனரின் குரல் உயரத் தொடங்கியது. அப்போது தங்கை வந்து அவருடைய கையைப் பிடித்தாள். "விடுங்கோப்பா, பிள்ளையளுக்கு முன்னால சண்டை வேண்டாம்" என்றாள். அவரும் விட்டுவிட்டார்.

வாசகர்களே, இத்தகைய நிறுவனங்களின் மிகப் பெரிய மூலதனம் இந்த ஒரு வசனம்தான். வங்கியிலோ வைத்தியசாலையிலோ குறை கண்டால் நாம் வாதாடுகிறோம். இங்கு வாதாட முடிவதில்லை, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கெட்டுப்போன நாளில் எஞ்சியிருக்கும் இரண்டு மணி நேரத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று தாய் நினைக்கிறாள். அது நியாயமான நினைப்பு. வீடு திரும்பிய பிறகு களைப்பு, மறுநாள் வேலை. இவ்வாறு ஒவ்வொரு குடும்பமும் மௌனமாகத் திரும்பிச் செல்ல, வாசலில் அந்த 13 படங்களும் தொங்கிக்கொண்டேயிருக்கும்.

இந்தத் தொழிலின் வரலாற்றில் வேறு விதமான ஓர் உதாரணமும் உண்டு. கலிபோர்னியாவின் அனஹெய்ம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்ட 1955 ஜூலை 17 ஆம் திகதி, இன்றைய எந்தப் பூங்காவும் வெட்கப்படக்கூடிய நாளாக அமைந்தது. போலி அழைப்புச் சீட்டுகளுடன் வந்தவர்களும் சேர்ந்துகொள்ள, எதிர்பார்த்ததிலும் பார்க்கப் பல ஆயிரம் பேர் அதிகமாக உள்ளே நுழைந்தனர். கடும் வெயிலில், புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் காலணிகள் புதைந்தன. உணவு தீர்ந்தது. பல விளையாட்டுகள் பழுதடைந்து நின்றன. நீர்க்குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தம் காரணமாக, குடிநீர்க் குழாய்களா கழிப்பறைகளா எது முதலில் என்று தெரிவுசெய்யவேண்டிய நிலை ஏற்பட்டிருந்தது. வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத் தெரிவுசெய்தார். குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீர்க் குழாய்களை மூடி வைத்தார் என்று அவர்மீது பழி வந்தது. அந்த நாள் 'கறுப்பு ஞாயிறு' என்றே பிற்காலத்தில் பெயர்பெற்றது.

மறுநாள் பத்திரிகைகள் கண்டபடி எழுதின. அவர் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டவில்லை. குறைகளைத் திருத்தி, அதே பத்திரிகையாளர்களை மீண்டும் அழைத்து வந்து பார்க்கச் சொன்னார். ஏழெட்டு வாரங்களுக்குள் பத்து இலட்சம் பேர் அந்தப் பூங்காவுக்கு வந்துவிட்டார்கள். குறை சொன்னவர்கள் அந்தப் பூங்காவை அழிக்கவில்லை என்பதைப் பத்திரிகைக்காரன் என்ற வகையில் நான் சற்றுப் பெருமையுடன் நினைவுகூர்கிறேன்.

காத்திருத்தல் பற்றியும் ஒரு வார்த்தை. டேவிட் மைஸ்டர் என்னும் முகாமைத்துவ அறிஞர் 1985 இல் வரிசைகளின் உளவியல் குறித்து எழுதிய கட்டுரை இத்துறையில் பலராலும் எடுத்தாளப்படுவது. காரணம் தெரியாத காத்திருப்பு, காரணம் தெரிந்த காத்திருப்பிலும் நீளமாகத் தோன்றும். நியாயமற்ற காத்திருப்பும் அவ்வாறே என்று அவர் விளக்கினார். அதாவது, வெயிலிலும் பார்க்க மனிதரை அதிகம் வாட்டுவது தகவல் இன்மையே. எட்டு வயதுப் பிள்ளையும் அந்த அறிஞரும் சொன்னது ஒன்றுதான்.

"எங்கட கனடாவில இப்படி இல்லை" என்று மைத்துனர் வானில் சொல்லிக்கொண்டு வந்தார். ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் 1981 இல் திறக்கப்பட்ட 'கனடாஸ் வொண்டர்லாந்து' நம்மவர் பலருக்குப் பரிச்சயமான இடம். அங்கு அளவுகோல்களும் அறிவித்தல்களும் ஒழுங்காக இருக்கின்றன என்பதை அவர் வாயிலாக அறிந்தேன். ஆயினும் அங்கும் மேலதிகமாகக் காசு கொடுப்பவர் நீண்ட வரிசையைத் தவிர்த்து வேறு வழியால் முன்னே செல்லலாம். டிஸ்னி பூங்காக்கள் 1999 இல் இலவசமாக ஆரம்பித்த வரிசை தவிர்ப்பு ஏற்பாட்டை, 2021 இல் கட்டணத்துக்கு உரியதாக மாற்றின. வெயிலில் நிற்கும் ஒரு பிள்ளையின் கண்முன்னே இன்னொரு பிள்ளை தாண்டிச் செல்லும்போது, அது கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? வசதியான நாடுகளில் ஏமாற்றமும் வசதியாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று எவரும் சொல்லவேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகர் எவரும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்துகொள்வதைத் தடைசெய்கிறது. சேவை வழங்குவோர் உரிய திறமையுடனும் கவனத்துடனும் அதை வழங்கவேண்டும் என்கிறது. பொருளைப் போலவே சேவை பற்றியும், அது கிடைத்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். அதிகாரசபையின் துரித தொலைபேசி இலக்கம் 1977. தண்ணீர் விடயத்தில் சட்டம் இன்னும் தெளிவானது. 2025 ஏப்ரல் முதலாம் திகதி முதல் அரை லீற்றர்ப் போத்தலின் ஆகக்கூடிய சில்லறை விலை 70 ரூபா என வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. "இங்கே விலை இப்படித்தான்" என்று சொல்லும் உரிமை கேளிக்கைப் பூங்காவின் மதிலுக்கு உள்ளேயும் எவருக்கும் கிடையாது.

அன்றிரவு நான் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மருமகள் அருகில் அமர்ந்து, நான் விட்டதை எல்லாம் நினைவூட்டிக்கொண்டிருந்தாள். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மூன்று விடயங்களையே கேட்டோம். இன்று இயங்காத விளையாட்டுகள் எவை என்று சீட்டு விற்கும் யன்னலில் ஒரு பலகை. வரிசையின் தொடக்கத்தில் அளவுகோல். எச்சரிக்கைகள் தமிழிலும் இருத்தல். தண்ணீர்ப் போத்தலின் படத்தோடு இன்னொரு கடிதம் அதிகாரசபைக்குச் சென்றது.

மூன்று வாரங்களின் பின் நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. வருந்துவதாகத் தெரிவித்து இரண்டு இலவச நுழைவுச்சீட்டுகளை இணைத்திருந்தார்கள். நாங்கள் சென்றது 11 பேர் என்பது ஒருபுறமிருக்க, பலகையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சீட்டுகளைத் திருப்பி அனுப்பி, அதே மூன்று கோரிக்கைகளையும் மீண்டும் எழுதியிருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

வாசகர்களிடம் நான் வேண்டுவதும் இதையே. பூங்கா வாசலில் குரலை உயர்த்தி அந்த நாளை மேலும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். என் தங்கை சொன்னதில் தவறில்லை. சீட்டையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்திருங்கள். மூடிக் கிடப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பி, களைப்பு ஆறியபின், நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எழுதும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சண்டையைத்தான் அவர்கள் பார்க்கக்கூடாது. நியாயம் கேட்பதைப் பார்க்கலாம்.