வண்டி சொல்லும் சொல்

நம் விடுதியில் சொந்தக் கார் வைத்திருப்பவர் அரியர். கார் ஓட்டுபவரோ பலர். விடுமுறை வந்தால் நால்வர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து மதுராவுக்கோ முசௌரிக்கோ புறப்பட்டு விடுகின்றோம். டில்லியில் உறவினர் வீடு உள்ளவர்கள் அவ்வீட்டு வண்டிக்குச் சாரதியாகவும் அமைகின்றோம். ஓட்டக் கற்றுக்கொண்டோம், சரி. வண்டி பேசுவதைக் கேட்கக் கற்றுக்கொண்டோமா?

இயந்திரத்திற்கு வாய் இல்லை என்பார்கள். நான் அதை ஒப்புவதில்லை. அது விளக்கால் கண்ணோடு பேசும். மணத்தால் மூக்கோடு பேசும். ஓசையால் காதோடு பேசும். மிதியின் வழியே காலோடும் பேசும். கேளாச் செவியராய் இருப்பவர் நாமே.

சென்ற மே மாதம் மாமா குடும்பத்துடன் ஆக்ரா சென்றேன். மாமாதான் ஓட்டினார். 2012-இல் திறக்கப்பட்ட யமுனை விரைவுச்சாலையின் நீளம் 165 கிலோமீட்டர். நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லாத சாலை. பாதி வழியில் வெப்பமானியின் முள் மெல்ல மேலேறத் தொடங்கியது.

“மாமா, வண்டியை ஓரங்கட்டுங்கள்” என்றேன்.

“சும்மா இருடா. இன்னும் பத்துக் கிலோமீட்டரில் ஓட்டல் வரும். குழந்தைகளை இந்த வெயிலிலா இறக்குவது?”

“பத்துக் கிலோமீட்டரை இந்த எஞ்சின் தாங்காது, மாமா.”

அத்தை என் பக்கம் பேசினார், வண்டி நின்றது. அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, குழந்தைகளைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினேன். விரைவுச்சாலையில் நின்றுபோன வண்டிக்குள் அமர்ந்திருப்பதைப் போல் ஆபத்து வேறில்லை. திரும்பிப் பார்த்தால், மாமா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் குனிந்திருந்தார்! ஓடிச்சென்று கையைப் பற்றினேன். மருமகன் மாமனின் கையைப் பிடித்து இழுப்பது மரியாதையன்று என்பதை நான் அறிவேன்; ஆனால் முகம் வெந்து போவதைவிட மரியாதை போவது மேல்.

காரணம் எளிய பௌதிகம். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைக் காக்கிறது. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். வெளிக்காற்றைப்போல் இரு மடங்கு அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் வீழ்கிறது. நூறு டிகிரியைக் கடந்து நிற்கும் நீர் ஒரே பொங்காய்ப் பொங்கி ஆவியாய்ச் சீறுகிறது. எஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பார்த்தபோது ரப்பர்க் குழாய் ஒன்றில் விரல் நக அளவு வெடிப்பு. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் வீட்டு வாசலில் வண்டிக்கடியில் பச்சை நிறத்தில் ஈரம் தேங்கியதாம், ஏ.சி. நீர் என்று மாமா எண்ணியிருந்தார். ஏ.சி. சொட்டுவது நிறமற்ற நீர். நிறமும் இனிய மணமும் இருந்தால் அது குளிர்விக்கும் திரவம். வண்டி ஒரு வாரமாய்ச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது!

விளக்குகளின் மொழியும் கடினமன்று. சிவப்பு என்றால் நில். மஞ்சள் என்றால் விரைவில் காட்டு. எண்ணெய்க் குவளை சிவப்பாய் எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். கைப்பிரேக்கைத் தளர்த்திய பின்னும் பிரேக் விளக்கு எரிந்தால் மேலே செல்லலாகாது.

டயரைப் பற்றியும் ஒரு கணக்கு. மே மாதத்தில் 40 டிகிரியில் 33 பவுண்டு காற்று அடைத்த டயர், துளியும் கசியாமலே, ஜனவரியில் 5 டிகிரிக் காலையில் சுமார் 28 பவுண்டுக்கு இறங்கிவிடும். வாயு விதியைத் தேர்வில் எழுதும் நாம் அதை டயரில் மறந்துவிடுகின்றோம். காற்றுக் குறைந்த டயர் அதிகம் வளைந்து சூடேறி, விரைவுச்சாலையில் வெடிக்கும். ஓட்டுமுன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். உரிய அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

முசௌரியிலிருந்து இறங்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: பிரேக்கையே மிதித்து இறங்காதீர்கள், தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். குமிழி புகுந்ததும் மிதி பஞ்சாகிவிடும். பழைய திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று.

குளிர்காலத்தில் மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு, கதகதப்பில் கண்ணயரலாகாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது மட்டும் முன்னறிவிப்பே தராமல் கொல்லும். மூடுபனியில் உயர்விளக்குப் போட்டால் ஒளி பனித்துளிகளில் சிதறி நம் கண்ணுக்கே திரும்பும், தாழ்விளக்கே துணை.

இனிப் பொய் அறிகுறி ஒன்று. டில்லியில் ‘டக் டக்’ கும்பல் என்று ஒரு வகைத் திருடர் உண்டு. சிக்னலில் கண்ணாடியைத் தட்டி, “எண்ணெய் ஒழுகுகிறது, டயர் போய்விட்டது” என்று பதறுவார்கள். நாம் இறங்கிப் பார்க்கையில் மறுபக்கத்துக் கதவு வழியே பை போய்விடும். அப்போது நம் வண்டியின் முகத்தை நாமே பார்க்க வேண்டும். முள்ளும் விளக்கும் அமைதியாய் இருந்து, ஓட்டமும் ஒழுங்காய் இருந்தால், கதவுகளைப் பூட்டியபடியே மெல்லச் சென்று, ஆள்நடமாட்டமுள்ள பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பாருங்கள். வண்டியின் மொழி தெரிந்தவனைத் திருடன் ஏமாற்றுவது கடினம்.

புறப்படுமுன் பத்து நிமிடம் போதும்: டயர், எண்ணெய், குளிர்திரவம், பிரேக், விளக்குகள், தரையில் ஈரம். வாடகை வண்டிக்கு இது இரட்டிப்பாய்ப் பொருந்தும். அதை நேற்று யார் எப்படி ஓட்டினாரோ! பின்னிருக்கையில் அமர்வோரும் வார் அணிய வேண்டும்.

நாம் தொலைவில் வந்து படிக்கின்றோம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நம் பயணத்தில் தெரிவது இரண்டே செய்திகள்: புறப்பட்டான், சேர்ந்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொழுதை அவர் கவலையில் கழிக்கிறார். “சேர்ந்துவிட்டேன், அம்மா” என்று சொல்வதற்காக, நண்பர்களே, பத்து நிமிடம் குனிந்து பார்ப்பது பெரிதா?